துளை ஒரு பக்கம், பேட் ஒரு பக்கம்: போர்டு லேயர்கள் ஏன் பிசகுகின்றன?

கேள்வி இதுதான்: இரண்டு லேயர் மின்சுற்று (பிசிபி) போர்டு ஒன்றை வடிவமைத்து, ஒவ்வொரு லேயரின் படத்தையும் சொல்லும் கெர்பர் ஃபைல்களையும் துளைகளின் இடத்தைச் சொல்லும் டிரில் ஃபைலையும் எடுத்தாயிற்று. வியூவரில் திறந்தால் காப்பர் (செம்பு), சால்டர் மாஸ்க் (மேலே பூசும் பச்சைப் பூச்சு), சில்க்ஸ்கிரீன் (அச்சிடும் எழுத்துகள்) மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று ஒழுங்காக உட்காருகின்றன. துளைகள் மட்டும் மொத்தமாக வேறொரு இடத்தில் நிற்கின்றன. டிசைன் சாஃப்ட்வேரில் பார்த்தால் எல்லாம் சரி. துளை லேயரை இழுத்துப் பொருத்த வழி உண்டா? இப்படியே அனுப்பினால் தயாரிப்பவர்கள் சரிசெய்துகொள்வார்களா?

இழுத்துப் பொருத்த வழி உண்டு. ஆனால் மூல டிசைன் உங்கள் கையில் இருக்கும்வரை அந்த வழிக்குப் போகாதீர்கள். பிசகு எந்த மாதிரி இருக்கிறது என்று கவனித்தாலே காரணம் தெரிந்துவிடும். காரணம் தெரிந்தால் ஒரு செட்டிங்கை மாற்றி ஃபைல்களை மறுபடி எடுப்பது சில நிமிட வேலை. தெரியாமல் இழுத்து வைத்தால் திரையில் பொருந்தும். கீழே தவறு அப்படியே கிடக்கும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். டிசைன் சாஃப்ட்வேருக்குள் லேயர்கள் தானாகப் பிசகுவது அநேகமாக நடக்காது. துளையுள்ள பேட், அதாவது பாகத்தின் காலைச் சால்டர் செய்யும் செம்புத் திட்டு, அங்கே ஒரே பொருள். அதற்கு ஒரே எக்ஸ், ஒரே ஒய். மேல் காப்பரின் வட்டம், கீழ்க் காப்பரின் வட்டம், மாஸ்கில் விடும் திறப்பு, நடுவில் துளை எல்லாம் அந்த ஒரு புள்ளியிலிருந்தே பிறக்கின்றன. ஃபைலாக எழுதும்போதுதான் இவை தனித்தனி ஆகின்றன. ஒரு கெர்பர் ஃபைலில் இருப்பது ஒரு தளத்தில் எங்கெங்கே எந்த வடிவம் என்ற கணக்கு மட்டுமே. பக்கத்து லேயர் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. எல்லா ஃபைல்களையும் சேர்த்துக் கட்டிவைத்திருப்பவை சில பொது ஒப்பந்தங்கள்: ஆரிஜின் (அளக்கத் தொடங்கும் பூஜ்யப் புள்ளி) எங்கே, அளவு அலகு என்ன, எண்ணை எப்படி எழுதுவது, எந்தப் பக்கமிருந்து பார்ப்பது. இவற்றில் ஒன்று முறிந்தால் பிசகு வரும். எது முறிந்தது என்பதைப் பொறுத்து பிசகின் தோற்றமும் மாறும்.

காப்பரும் மாஸ்கும் ஒத்துப்போக, துளை மட்டும் ஏன் எப்போதும் தனியாக ஓடுகிறது என்று பலருக்கும் தோன்றும். கெர்பர் பிறந்தது ஃபோட்டோபிளாட்டருக்காக. ஃபிலிமின் மேல் ஒளியால் வரையும் இயந்திரம் அது. ஒரு ஃபைலுக்கு ஒரு ஃபிலிம். டிரில் ஃபைல் பிறந்தது முற்றிலும் வேறொரு இயந்திரத்துக்காக: எக்ஸெல்லான் வகை துளையிடும் இயந்திரம். ஃபிலிமைத் துளையோடு பொருத்துவது குறிகளையும் பின்களையும் வைத்து மனிதர் செய்த வேலை. அதனால் இரு ஃபைல்களும் ஒரே ஆரிஜினைப் பேச வேண்டிய கட்டாயமே அன்று இருக்கவில்லை. இன்றுவரை பெரும்பாலான சாஃப்ட்வேர்களில் கெர்பருக்கு ஒரு டயலாக், டிரில்லுக்கு இன்னொரு டயலாக் என்று பிரிந்து கிடப்பதும் அந்தப் பழைய பிரிவினையின் மிச்சம்தான். ஒரு டயலாக்கில் மாற்றிய செட்டிங் மற்றதைத் தொடாது.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். துளைக் கூட்டத்தின் வடிவம் கெடாமல், அளவு மாறாமல், மொத்தமும் ஒரே திசையில் ஒரே தூரம் தள்ளி நிற்கிறது என்றால் அது ஆரிஜின் பிரச்சினை. வேறு எதையும் தேட வேண்டாம்.

கீகேட் என்ற டிசைன் சாஃப்ட்வேரில் இதற்கு ஒரு குறிப்பிட்ட இடம் உண்டு. அங்கே இயல்பான ஆரிஜின், வரைதாளின் மேல் இடது மூலை. அதைத் தவிர நீங்களே போர்டில் ஒரு புள்ளியில் வைத்துக்கொள்ளும் டிரில்/பிளேஸ் ஃபைல் ஆரிஜின் என்று இன்னொன்றும் இருக்கிறது. கெர்பர் எடுக்கும் டயலாக்கில் இந்த இரண்டாவது ஆரிஜினைப் பயன்படுத்தச் சொல்லும் டிக் பெட்டி ஒன்று. டிரில் டயலாக்கில் அப்சல்யூட்டா (தாளின் மூலை), டிரில்/பிளேஸ் ஆரிஜினா என்ற தேர்வு இன்னொன்று. ஒன்றில் அது, மற்றதில் இது என்று இருந்தால் நீங்கள் சொல்லும் காட்சிதான் வரும். ஊகிக்கக்கூட வேண்டாம், அளந்தே உறுதிசெய்யலாம். வியூவரில் ஒரு பேடின் மையத்திலிருந்து அதற்குரிய துளையின் மையம் வரை எக்ஸிலும் ஒய்யிலும் தனித்தனியாக அளந்துகொள்ளுங்கள். டிசைனில் நீங்கள் வைத்த ஆரிஜின் தாளின் மூலையிலிருந்து எவ்வளவு தூரம் என்று பாருங்கள். 100 மி.மீ. வலமும் 80 மி.மீ. கீழுமாக ஆரிஜின் வைத்திருந்து, பிசகும் அதே 100, 80 என்றால் வழக்கு முடிந்தது. இரண்டு டயலாக்கிலும் ஒரே தேர்வை வையுங்கள், மறுபடி எடுங்கள்.

இடையில் ஒரு பயத்தையும் போக்கிவிடுகிறேன். கீகேடின் எடிட்டரில் ஒய் அச்சு கீழ்நோக்கிப் பெருகும். கெர்பரில் மேல்நோக்கிப் பெருகும். அதனால் தாளின் மூலையை ஆரிஜினாக வைத்து எடுத்த கெர்பரில் ஒய் மதிப்புகள் எல்லாம் மைனஸில் இருக்கும். இது தவறு அல்ல, எல்லா ஃபைலிலும் அப்படியே இருக்கும்வரை. ஆனாலும் போர்டின் கீழ் இடது மூலையில் ஆரிஜினை வைத்து எல்லாவற்றையும் பிளஸில் எடுப்பதுதான் நல்ல பழக்கம் என்பேன். எண்களைக் கண்ணால் படித்துச் சரிபார்க்கலாம்: 60 மி.மீ. அகலப் போர்டில் எக்ஸ் 75 என்று ஒரு துளை இருந்தால் உடனே உறுத்தும்.

இன்னொரு டிசைன் சாஃப்ட்வேரான ஆல்டியத்தில் அப்சல்யூட் ஆரிஜின், ரிலேட்டிவ் ஆரிஜின் என்ற தேர்வு கெர்பர் செட்டிங்கிலும் என்சி டிரில் (டிரில் ஃபைல்) செட்டிங்கிலும் தனித்தனியாக இருக்கிறது. கெர்பர் பக்கம் கூடுதலாக ஃபிலிமின் நடுவில் வைக்கும் தேர்வு ஒன்று. அதைத் தொடாதீர்கள். டிரில் ஃபைலுக்கு ஃபிலிம் என்ற ஒன்றே கிடையாது. கெர்பரை நடுவுக்கு நகர்த்தினால் துளைகள் பழைய இடத்திலேயே நின்றுவிடும்.

செட்டிங் எல்லாம் சரியாக இருந்தும் பிசகு போகவில்லையா? ஃபோல்டரைப் பாருங்கள். போர்டைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு கெர்பரை மட்டும் மறுபடி எடுத்து, டிரில்லைப் பழையதாகவே விட்டுவிடுவது சகஜம். ஃபைலின் பெயர் மாறியிருந்தால் பழையதும் புதியதும் ஒரே ஃபோல்டரில் குடியிருக்கும். ஃபோல்டரைக் காலி செய்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எடுப்பது எளிது. இன்றைய கெர்பர் ஃபைலின் தலைப்பில் உருவான நாளும் நேரமும் இருக்கும். டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து ஒப்பிடலாம்.

அடுத்த வகை: துளைகள் எல்லாம் ஒரு மூலையில் பொடிப்பொடியாகக் குவிந்து கிடக்கும், அல்லது போர்டைத் தாண்டி வெகுதூரம் பரவியிருக்கும். ஆரிஜினுக்கு அருகே பிசகு குறைவு, தள்ளிப் போகப் போக அதிகம். இது அலகுக் குழப்பம். இன்ச்சில் எழுதியதை மி.மீ. என்று படித்தால் எல்லாம் 25.4 மடங்கு சுருங்கும். 100 மி.மீ. நீளப் போர்டின் துளைகள் நான்கு மி.மீ.க்குள் அடங்கிவிடும். மறுதிசையில் தவறினால் அதே போர்டு இரண்டரை மீட்டருக்கு நீளும். சரியாகப் பத்து மடங்கோ நூறு மடங்கோ மாறியிருந்தால் அலகு அல்ல, புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் என்ற கணக்கு தவறியிருக்கிறது.

இந்த இரண்டையும் பிரித்தறிய நேர்த்தியான அடையாளம் ஒன்று உண்டு. எக்ஸெல்லான் ஃபைலின் தலைப்பில் ஒவ்வொரு டிரில்லின் விட்டமும் எழுதியிருக்கும், பெரும்பாலும் தசமப் புள்ளியோடு. எனவே அலகு தவறினால் துளைகளின் இடமும் கெடும், விட்டமும் கெடும். இலக்கக் கணக்கு தவறினால் இடம் மட்டும் கெடும். துளையின் விட்டம் சரியாக 0.8, 1.0 என்று நிற்கும். பெரிய பெரிய துளைகள் ஒன்றன்மேல் ஒன்றாக மூலையில் குவிந்திருந்தால் இலக்கம். ஊசிமுனை அளவில் குவிந்திருந்தால் அலகு.

மூன்றாவது வகைதான் பார்க்கவே பீதியைக் கிளப்புவது. துளைகள் கண்டபடி சிதறியிருக்கும். சில சரியான இடத்தில், சில அச்சை ஒட்டி, சில எங்கோ தொலைவில். எந்த நகர்த்தலுக்கும் எந்தப் பெருக்கலுக்கும் மசியாது. காரணம், எண்களில் பூஜ்யத்தை விழுங்கும் வழக்கம். காகித நாடாவிலும் கொஞ்சமே நினைவகம் உள்ள இயந்திரங்களிலும் ஒவ்வொரு எழுத்தையும் மிச்சப்படுத்திய காலத்தில் தசமப் புள்ளியை எழுத மாட்டார்கள். முன்னால் வரும் பூஜ்யங்களையோ பின்னால் வரும் பூஜ்யங்களையோ விட்டுவிடுவார்கள். எதை விட்டோம் என்பதை எழுதுபவரும் படிப்பவரும் ஒரே மாதிரி நினைக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் சிதறலின் ரகசியம் புரியும். ஒரு துளை எக்ஸ் 12.7, ஒய் 5.08 மி.மீ.யில் இருக்கிறது. புள்ளிக்கு முன் மூன்று, பின் மூன்று இலக்கம் என்பது ஒப்பந்தம். முழுதாக எழுதினால் 012700, 005080. பின்பூஜ்யத்தை விட்டால் 0127, 00508. இதைப் படிக்கும் வியூவர் முன்பூஜ்யம் விடப்பட்டதாக நினைத்தால் 0127 என்பது 0.127 மி.மீ. ஆகிறது, 00508 என்பது 0.508 ஆகிறது. எக்ஸ் நூறில் ஒரு பங்கு, ஒய் பத்தில் ஒரு பங்கு. ஒவ்வொரு எண்ணின் வாலிலும் எத்தனை பூஜ்யம் இருந்தது என்பதைப் பொறுத்து ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில் சுருங்குகிறது. வாலில் பூஜ்யமே இல்லாத எண் மட்டும் தப்பிக்கும். சில துளைகள் சரியாக விழுந்து மற்றவை ஓடிப்போவது இதனால்தான். இந்தச் சிதறலைப் பார்த்துவிட்டு டிசைன் ஃபைலே கெட்டுப்போய்விட்டது என்று முடிவுகட்டி, வேலையை முதலிலிருந்து தொடங்கியவர்கள் உண்டு. டிசைனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இதில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. கெர்பரில் எண்களின் ஃபார்மட்டைச் சொல்லும் வரியில் எல் என்ற எழுத்து வந்தால் முன்பூஜ்யம் விடப்பட்டது என்று பொருள். எக்ஸெல்லானில் எல்இசட் என்று வந்தால் முன்பூஜ்யம் வைக்கப்பட்டிருக்கிறது, பின்னது விடப்பட்டது என்று பொருள். நேர் எதிர். போதாக்குறைக்கு எக்ஸெல்லான் தலைப்பில் இலக்கக் கணக்கு பெரும்பாலும் எழுதப்பட்டிருக்காது; படிப்பவர் ஊகிக்க வேண்டியதுதான். கெர்ப்வி போன்ற வியூவரில் டிரில் லேயரின் ஃபைல் வடிவத்தை நீங்களே மாற்றிப் பார்க்கலாம்: பூஜ்யம், அலகு, இலக்கம் மூன்றையும். மாற்றியதும் துளைகள் தத்தம் பேடில் போய் உட்கார்ந்தால் நோய் இன்னதென்று உறுதி. ஆனால் மருந்து அங்கே இல்லை, எக்ஸ்போர்ட்டில் இருக்கிறது. தசமப் புள்ளியோடு எழுதும் தேர்வு இருந்தால் அதை எடுங்கள். கீகேடில் அதுவே பரிந்துரைக்கப்படும் வடிவம். தசமப் புள்ளி இருக்கும் எண்ணைப் பூஜ்யத்தை வைத்துத் தவறாகப் படிக்க வழியில்லை.

கண்ணாடிப் பிம்பம் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. எல்லா லேயரும், கீழ் லேயர் உட்பட, மேலிருந்து ஊடுருவிப் பார்ப்பதுபோல எழுதப்பட வேண்டும். எனவே வியூவரில் கீழ்க் காப்பரில் உள்ள எழுத்து இடவலம் மாறி, கண்ணாடியில் தெரிவதுபோலத் தெரிந்தால்தான் சரி. நேராகப் படிக்க முடிந்தால் மிரர் டிக் எங்கோ விழுந்திருக்கிறது. டோனர் டிரான்ஸ்ஃபர் முறையில் தாமே போர்டு செய்கிறவர்களுக்கு மேல் லேயரை மிரர் செய்து அச்சிட வேண்டியிருக்கும், ஏனென்றால் தாளைக் கவிழ்த்துத்தான் செம்பில் ஒட்டுவோம். அதற்காகப் போட்ட டிக் அடுத்த முறை கெர்பர் எடுக்கும்போதும் ஒட்டிக்கொண்டே வந்துவிடும். பிரிண்டர் விஷயத்தில் இன்னொன்று: தாளுக்குள் அடக்கும் தேர்வை அணைத்து, அளவு 100 சதவீதம் என்று வைத்து, அச்சான தாளில் ஸ்கேலை வைத்து எக்ஸ், ஒய் இரண்டையும் அளந்துபாருங்கள்.

இடமும் வலமும் ஒத்த வடிவமுள்ள போர்டில் மிரர் தவறு கண்ணுக்கு அகப்படாது. நான்கு மூலையிலும் ஸ்க்ரூ துளை, நடுவில் ஒரு கனெக்டர் என்றால் கவிழ்த்தாலும் பொருந்தும். ஒவ்வொரு காப்பர் லேயரிலும் சமச்சீர் இல்லாத ஒரு குறியைப் போட்டுவைக்கச் சொல்வது இதற்காகத்தான். லேயர் எண்ணே போதும்: மேல் காப்பரில் 1, அடுத்ததில் 2 என்று, ஒன்றன்மேல் ஒன்று விழாமல் பக்கத்தில் பக்கத்தில். நான்கு லேயர் போர்டில் இது இன்னொரு வேலையும் செய்யும். உள் லேயர்களின் வரிசை மாறிப்போனால் விளிம்பில் விளக்கைப் பிடித்துப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். பிசகு என்பது பக்கவாட்டில் மட்டும் நடப்பதில்லை. அடுக்கு வரிசையிலும் நடக்கும். எந்த வியூவரும் அதற்காக அலறாது, ஏனென்றால் துளைக்கு எல்லா லேயரும் பொருந்தியே தெரியும்.

இன்னொரு வகையைப் பெரும்பாலோர் கவனிப்பதே இல்லை. மிக நெருக்கமாகப் பெரிதாக்கிப் பார்த்தால் துளைகள் பேடின் மையத்திலிருந்து நூறில் ஒரு மி.மீ. அளவில், ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் நகர்ந்திருக்கும். இது இலக்கத்தைச் சுருக்கியதால் வரும் முழுமையாக்கம். இன்ச்சில் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் என்றால் ஒரு படி 0.0254 மி.மீ.; அதாவது ஓர் அச்சில் 0.0127 மி.மீ. வரை நகரலாம். மி.மீ. கட்டத்தில் வடிவமைத்த போர்டை இன்ச்சில் எழுதினால் கட்டாயம் இது வரும். தனியாக இது போர்டைக் கெடுக்காது. ஆனால் தயாரிப்பில் வரப்போகும் பிசகோடு சேரும். கெர்பருக்கு மி.மீ., நான்கு முன், ஆறு பின் இலக்கம் என்று வைத்தால் இந்தப் பேச்சே இல்லை.

சரிபார்க்கும் முறையை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம்: ஒரே கோட்டில் வராத மூன்று துளைகளை, ஒன்றுக்கொன்று எட்டத்தில், தேர்ந்தெடுத்து, மூன்றிலும் துளை மையமும் பேட் மையமும் ஒன்றா என்று பாருங்கள். ஒரு துளை பொருந்தினால் எதுவும் நிரூபணமாகாது. இரண்டு பொருந்தினால் நகர்வும் அளவும் சரி, ஆனால் அந்தக் கோட்டைச் சுற்றிக் கவிழ்ந்திருக்கலாம். மூன்று பொருந்தினால் நகர்வு, சுழற்சி, அளவு, கவிழ்ப்பு நான்குக்கும் பதில் கிடைத்துவிடும். பூஜ்யச் சிதறல் மட்டும் இந்த வலையில் தப்பலாம், அதைப் பார்த்தவுடனே தெரியும். முக்கியமானது, எந்தச் சாஃப்ட்வேர் எழுதியதோ அதே சாஃப்ட்வேரின் வியூவரில் மட்டும் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். எழுதியவருக்கும் படிப்பவருக்கும் ஒரே ஊகம் என்றால் தவறு ஒளிந்துகொள்ளும். தொடர்பில்லாத இன்னொரு வியூவரில் திறப்பதுதான் சோதனை.

கெர்பரே இந்தக் குழப்பத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தானே தீர்த்து வந்திருக்கிறது. பழைய கெர்பர் முறையில், வரையும் வடிவங்களின் அளவுகூடத் தனி ஃபைலில் இருந்தது. 1998-இல் வந்த விரிவாக்கப்பட்ட கெர்பர் அலகு, இலக்கம், வடிவம் எல்லாவற்றையும் ஒரே ஃபைலுக்குள் கொண்டுவந்தது. 2014-இல், கெர்பரைப் பராமரிக்கும் யூகாம்கோ நிறுவனம் வெளியிட்ட எக்ஸ்2 பதிப்பு, இந்த ஃபைல் மேல் காப்பரா, மாஸ்கா, போர்டின் எல்லையா என்று ஃபைலே சொல்லும்படி குறிப்புகளைச் சேர்த்தது. அதில் நமக்கு வேண்டிய ஒரு குறிப்பு உண்டு: இந்த ஃபைலும் இதே அடையாளம் கொண்ட மற்ற ஃபைல்களும் ஒரே ஆரிஜினில் எழுதப்பட்டவை என்ற உறுதிமொழி, சேம் கோஆர்டினேட்ஸ் என்ற பெயரில். கீகேட் எழுதும் கெர்பரை டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்தால் தலைப்பிலேயே இது இருக்கும். தாள் மூலையை வைத்து எடுத்திருந்தால் ஒரிஜினல் என்ற சொல். நீங்கள் வைத்த ஆரிஜின் என்றால் அந்த இடத்தின் எண். எல்லா லேயரிலும் இந்த வரி ஒன்றேபோல இருக்கிறதா என்று பார்ப்பது படத்தைப் பெரிதாக்கி அளப்பதைவிட விரைவான சோதனை. துளைகளையும் கெர்பர் எக்ஸ்2 வடிவிலேயே எழுதலாம், தயாரிப்பவர் ஏற்றுக்கொண்டால். ஓடிபி++, ஐபிசி-2581 வடிவங்கள் இன்னும் ஒரு படி மேலே போய், எல்லா லேயரையும் துளையையும் ஒரே பொதியில் ஒரே ஆரிஜினில் வைக்கின்றன. அங்கே இந்தக் கேள்விக்கே இடமில்லை. கீகேடின் 8-ஆம் பதிப்பில் ஐபிசி-2581-உம் 9-ஆம் பதிப்பில் ஓடிபி++-உம் வந்துவிட்டன. எதை வாங்கிக்கொள்வார்கள் என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

லேயரைக் கையால் நகர்த்துவது எப்போது நியாயம்? மூல டிசைன் இல்லை, பழைய கெர்பரும் டிரில்லும் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன என்றால் நியாயம். கெர்ப்வியில் லேயரின் நிலையை மாற்றும் டயலாக்கில் நகர்வு, அளவு, சுழற்சி, கவிழ்ப்பு நான்கும் உண்டு. கண்ணால் இழுக்காமல், ஒரு துளைக்கும் பேடுக்கும் உள்ள தூரத்தை அளந்து எண்ணாக உள்ளிடுங்கள். பிறகு தொலைவில் உள்ள இன்னும் இரண்டு துளைகளைப் பாருங்கள். வியூவரில் நகர்த்தியது அந்த வியூவரின் பார்வை மட்டுமே, ஃபைல் மாறுவதில்லை. மறுபடி எக்ஸ்போர்ட் செய்து, எல்லாவற்றையும் மூடி, புதிதாகத் திறந்து பார்த்த பிறகுதான் அனுப்ப வேண்டும்.

தயாரிப்பவர்கள் சரிசெய்துகொள்வார்களா என்ற மீதிக் கேள்விக்கு: வெறும் ஆரிஜின் நகர்வு என்றால் பெரும்பாலும் அவர்களுடைய கேம் (சிஏஎம்; ஃபைல்களைத் தயாரிப்புக்குத் தயார்செய்யும்) பிரிவில் இருப்பவர் பொருத்திவிடுவார், அல்லது நிறுத்திவைத்து உங்களைக் கேட்பார். ஆனால் அவர் பொருத்துவது ஊகத்தில். 2.54 மி.மீ. இடைவெளியில் வரிசை வரிசையாகத் துளையுள்ள எல்இடி மேட்ரிக்ஸ் போர்டை எண்ணிப்பாருங்கள். துளைக் கூட்டத்தை ஒரு வரிசை தள்ளி வைத்தாலும் ஏறக்குறைய எல்லாம் பொருந்தும். விளிம்பில் ஒரு வரிசை மட்டும் அனாதையாக நிற்கும். அவர் எதைச் சரி என்று எடுப்பார்? தவறு நடந்தால் ஃபைல் உங்களுடையது, பொறுப்பும் உங்களுடையது.

இனி, ஃபைல்கள் அப்பழுக்கில்லாமல் இருந்தும் கைக்கு வந்த போர்டில் துளை பேடின் நடுவில் இல்லை என்று சிலர் சாஃப்ட்வேரைத் திட்டுவது உண்டு. 0.05 முதல் 0.1 மி.மீ. அளவில் இருந்தால் அது சாஃப்ட்வேரின் கைவேலை அல்ல. போர்டு என்பது வெப்பத்திலும் அழுத்தத்திலும் நெளியும் பொருள். ஃபிலிம் முறையில் பார்த்தால், பாலியெஸ்டர் ஃபிலிம் ஒரு டிகிரி வெப்பத்துக்கு நீளத்தில் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 18 பங்கு விரியும். 500 மி.மீ. பேனலில் (பல போர்டுகளைச் சேர்த்துச் செய்யும் பெரிய தகடு), ஐந்து டிகிரி மாறினால் 0.045 மி.மீ. ஈரப்பதம் வேறு தன் பங்குக்கு இழுக்கும். ஃபிலிமே இல்லாமல் லேசரால் நேரடியாக வரையும் இயந்திரங்கள் இதைப் பெருமளவு குறைத்துவிட்டன. பல லேயர் போர்டில் உள் லேயரின் செம்பை அரித்து எடுத்ததும், பிறகு அழுத்தி ஒட்டும்போதும் கண்ணாடி இழைத் தகடு சுருங்கும், அதுவும் நெசவின் இரு திசையிலும் வேறுவேறு அளவில். தயாரிப்பவர்கள் அந்தச் சுருக்கத்தை முன்கூட்டியே கணக்கிட்டு வரைபடத்தைச் சற்றே பெரிதாக்கி வைப்பார்கள். ஒட்டிய பிறகு எக்ஸ்ரேயால் உள் குறிகளைப் பார்த்துத் துளையிடும் இடத்தைத் தீர்மானிப்பார்கள். இவ்வளவும் செய்த பின்னும் மிஞ்சுவதற்குத்தான் டிசைனில் இடம் விட வேண்டும்.

எவ்வளவு இடம்? வயா ஒன்றை, அதாவது லேயர்களை இணைக்கும் செம்பு பூசிய துளையை, எடுத்துக்கொள்வோம். பேட் 0.6 மி.மீ., முடிந்த துளை 0.3. சுற்றிலும் 0.15 மி.மீ. செம்பு வளையம் இருக்கிறது என்று தோன்றும். உள்ளே செம்பு பூச வேண்டும் என்பதால் துளையைப் பெரிதாகப் போடுவார்கள், 0.4 போட்டால் வளையம் 0.1 ஆகிவிடும். துளை 0.075 மி.மீ. விலகினால் ஒரு பக்கம் மிஞ்சுவது 0.025. போர்டுகளுக்கான ஐபிசி-6012 தரத்தின் 2-ஆம் வகுப்பில் துளை பேடின் விளிம்பைத் தாண்டி 90 டிகிரி வரை வெளியேறுவதைக்கூட ஏற்பார்கள். 3-ஆம் வகுப்பில் வெளி லேயரில் 0.05, உள் லேயரில் 0.025 மி.மீ. வளையம் கட்டாயம் மிஞ்ச வேண்டும். நம்முடைய வயா 2-இல் தேறும், 3-இல் வெளி லேயரில் விழும். டிராக் (செம்புப் பாதை) வந்து சேரும் பக்கமே துளை வெளியேறினால் இணைப்பே மெலிந்துவிடும் என்பதால்தான் அந்த இடத்தில் கண்ணீர்த்துளி வடிவில் செம்பைக் கூட்டும் டியர்டிராப் வசதி. கீகேடிலும் ஆல்டியத்திலும் இருக்கிறது. இடம் இருந்தால் போட்டுவிடுங்கள், அதற்கு விலை எதுவும் இல்லை.

மாஸ்குக்கும் இதே கணக்கு. பேடைவிட மாஸ்கின் திறப்பு ஒவ்வொரு பக்கமும் 0.05 மி.மீ. பெரிதாக இருந்தால், அந்த அளவுக்கு மாஸ்க் நகர்ந்தாலும் பேடின் மேல் ஏறாது. அதைப் பூஜ்யமாக வைத்து அனுப்பினால் திரையில் கச்சிதமாகத் தெரியும், போர்டில் எல்லாப் பேடின் ஒரு விளிம்பிலும் பச்சை ஏறியிருக்கும். சில நிறுவனங்கள் பூஜ்யமாகவே கேட்டு, தாங்களே பெரிதாக்கிக்கொள்ளும். கேட்காமல் ஊகிக்க வேண்டாம்.

கடைசியாக, லேயர்கள் எல்லாம் பொருந்திய பிறகு பலரும் மறக்கும் ஃபைல் ஒன்று உண்டு: பாகங்களை இயந்திரம் எடுத்து வைப்பதற்கான பொசிஷன் ஃபைல். கெர்பரின் ஆரிஜினும் இதன் ஆரிஜினும் ஒன்றாக இருக்க வேண்டும். டிரில்/பிளேஸ் என்ற பெயரில் பிளேஸ் இருப்பதே இதற்காகத்தான். கீகேடில் கீழ்ப் பக்கப் பாகங்களுக்கு எக்ஸ் மதிப்பை மைனஸில் எழுதும் தேர்வு ஒன்றும் உண்டு. பாகம் பொருத்துபவர் எந்த வழக்கத்தில் படிக்கிறார் என்று கேட்டுவிட்டே அதைத் தொடுங்கள். அந்த இயந்திரத்தின் கேமரா போர்டின் இடத்தை அறிந்துகொள்வது ஃபிடூசியல் என்ற அடையாளக் குறிகளை வைத்து: 1 மி.மீ. செம்பு வட்டம், அதைச் சுற்றி 2 மி.மீ. மாஸ்க் திறப்பு, போர்டின் மூன்று மூலைகளில். நான்காவது மூலையைக் காலியாக விடுங்கள். நான்கிலும் சமச்சீராக வைத்தால் போர்டைத் திருப்பி மாட்டினாலும் கேமரா மறுப்புச் சொல்லாது.